தேதி பார்த்து மாட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

“விமானம் பழசா இருந்தா ஆபத்துதானே அப்பா?” என்று நேற்று கேட்டாய். போனில் அவசரமாகச் சொல்லிவிட முடியாத பதில் என்பதால் எழுதுகிறேன்.

வயசு மட்டும் ஒரு விமானத்தைக் கீழே இறக்காது. வயசோடு பணத் தட்டுப்பாடும் சேர்ந்தால்தான் பயம். அந்தத் தட்டுப்பாடு, நீ விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கருக்குள் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வராது. “அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்”, “பக்கத்து விமானத்தில் கழற்றிப் போடு”, “இன்னும் 2 வருஷம்தானே, புதுசு வந்துவிடும்” என்றுதான் வரும். கேட்பதற்கு எல்லாமே நியாயமாக இருக்கும்.

பிரிட்டிஷ் விமானப்படையின் கண்காணிப்பு விமானமான நிம்ரோடு எக்ஸ்வி230-இன் விபத்தைப் பற்றி நீ வரி விடாமல் படிக்க வேண்டும். 2006 செப்டம்பர் 2, ஆப்கானிஸ்தானில் கந்தஹார் அருகே நடந்தது. பறந்துகொண்டே எரிபொருள் நிரப்பி முடித்த கொஞ்ச நேரத்தில் தீப்பிடித்து, சில நிமிடங்களில் விமானம் வெடித்தது. உள்ளே இருந்த 14 பேரும் போய்விட்டார்கள்.

வலது இறக்கை உடலோடு சேரும் இடத்தில், 7-ஆம் எண் டேங்கை ஒட்டி ஒரு சிறிய அறை. அதன் வழியாக இன்ஜினின் சூடான காற்றைக் கொண்டுபோகும் குழாய் ஓடுகிறது. 400 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடிய சூடு அது. விமான எரிபொருளோ 250 டிகிரிக்குக் கீழேயே, பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். குழாயைச் சுற்றியிருந்த வெப்பக்காப்பு உறையில் இடைவெளிகள் இருந்தன. டேங்க் நிரம்பி வழிந்த எரிபொருளோ, இணைப்பில் கசிந்த எரிபொருளோ, அந்தச் சூட்டைத் தொட்டிருக்கிறது. அந்த அறையில் தீ எச்சரிக்கைக் கருவியும் கிடையாது, அணைப்பானும் கிடையாது. அதற்கு முன்பே, 2004 நவம்பரில், எக்ஸ்வி227 என்ற இன்னொரு நிம்ரோடில் சூடான காற்றுக் குழாய் அரித்துப்போய் வெடித்திருந்தது. அது பத்திரமாகத் தரை இறங்கிவிட்டதால் அந்த எச்சரிக்கையை யாரும் முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த விபத்தைப் பற்றி வழக்கறிஞர் சார்லஸ் ஹாடன்-கேவ் 2009-ல் கொடுத்த விசாரணை அறிக்கை, குழாயோடு நிற்காமல் கணக்குப் புத்தகம் வரை போனது. 2000-ல் பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறையின் தளவாடப் பிரிவுக்கு, 2005-க்குள் செலவை 20 சதவீதம் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். விமானம் பறக்கத் தகுதியாக இருக்கிறதா என்பதில் இருந்த கவனம் பட்ஜெட் பக்கம் திரும்பியது. மாற்று விமானம் 2003-ல் வர வேண்டியது. தள்ளிக்கொண்டே போய் 2010-ல் அந்தத் திட்டமே ரத்தானது. அந்த இடைவெளி முழுக்கப் பழைய நிம்ரோடுதான் பறந்தது.

நம் ஊரிலும் இதே கணக்குதான். 2018 மார்ச்சில், அப்போதைய ராணுவத் துணைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் சரத் சந்த், நாடாளுமன்றக் குழுவிடம் தரைப்படைத் தளவாடங்களில் 68 சதவீதம் பழசு என்றார். நவீனமயத்துக்கு ஒதுக்கியது 21,338 கோடி ரூபாய். ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டவற்றுக்குக் கட்ட வேண்டியதே 29,033 கோடி. புதுசு வாங்க என்ன மிஞ்சும்?

அந்தத் தொகை உன் கையில் இல்லை. உன் கையில் இருப்பது கசிவை அடைக்கும் சீலும் நட்டும் பதிவேடும்.

ரப்பர் சீலில் இருந்து ஆரம்பி. சீல் வரும் பையின் மேல் எந்தக் காலாண்டு, எந்த ஆண்டு தயாரானது என்று அச்சிட்டிருக்கும்; அதைப் படிக்காமல் பையைக் கிழிக்காதே. எரிபொருளுக்கும் கனிம ஹைட்ராலிக் எண்ணெய்க்கும் நைட்ரைல் ரப்பர். ஈபிடிஎம் ரப்பர் அதே கறுப்பு, அதே அளவு, ஆனால் எரிபொருள் பட்டால் ஊதிப்போகும். கண்ணால் வித்தியாசம் தெரியாது, பாகத்தின் எண்ணை மட்டும் நம்பு. கழற்றிய ஓ-ரிங்கை, அதாவது வளைய வடிவ சீலை, விரலில் உருட்டிப் பார்: அழுத்தத்தில் கிடந்த பக்கம் தட்டையாகியிருக்கும். அது இனி எழும்பாது, திரும்ப மாட்டக் கூடாது. இன்னொன்று, பலரும் கவனிக்காதது: பாகம் கிடைக்காமல் மாதக்கணக்கில் நிற்கும் விமானம்தான் அதிகம் ஒழுகும். எரிபொருளில் ஊறிய சீல், டேங்க் காலியானதும் காய்ந்து சுருங்கிவிடும். அதனால் நின்ற விமானத்தை எழுப்பும்போது டேங்கை நிரப்பிவிட்டுக் காத்திரு, டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் பார், அப்புறம் மற்ற வேலை.

ஒரு விமானத்தில் கழற்றி இன்னொன்றில் போடுவது மிச்சம் பிடிக்கிற வழி இல்லை. ஒரு கழற்றல், ஒரு மாட்டல் என்று முடிய வேண்டிய வேலை இரண்டு கழற்றல், இரண்டு மாட்டலாகிறது. ஒவ்வொரு முறையும் கனெக்டர் பின் தேயும், சீல் கலையும், தானாகப் பிடிக்கும் நட்டின் பிடி குறையும். வெறும் விரலால் சுற்ற வருகிறதா? நட்டைத் தூக்கிப் போடு. நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னும் லாக் ஒயரும் ஒரே ஒரு முறைக்குத்தான். பாகத்தைக் கொடுத்த விமானத்தில் திறந்த குழாய்களுக்கு உடனே மூடி போட்டு அட்டை கட்டு. பாகம் ஓடிய மணிக்கணக்கு இரண்டு பதிவேட்டிலும் ஏற வேண்டும். பாகம் இடம் மாறி அதன் காகிதம் மாறாமல் நின்றால், ஆயுள் முடிந்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

ஒத்திவைத்த குறைகளின் பட்டியல்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். எல்லோரும் அதைத் தேதி வாரியாகப் பார்ப்பார்கள். நீ இட வாரியாகப் பிரித்துப் பார். இறக்கை மூலையில் லேசான எரிபொருள் கசிவு, “வரம்புக்குள்”. அதே மூலையில் காப்பு உறை கிழிசல், “அடுத்த சர்வீஸில்”. அங்கேயே தீ உணர்கருவி வேலை செய்யவில்லை, “பாகம் வரவில்லை”. மூன்று வெவ்வேறு நாள், மூன்று வெவ்வேறு கையெழுத்து, தனித்தனியே மூன்றும் அனுமதிக்கப்பட்டவை. ஒரே அறையில் மூன்றும் சேர்ந்தால் அது நிம்ரோடு, பாப்பா. அன்றைக்கு அந்த விமானம் பறக்கக் கூடாது என்று எழுது. வாயால் சொன்னால் போதாது, காரணத்தோடு பதிவேட்டில் எழுது. எழுதினால்தான் பாகம் இல்லாத செய்தி மேலே போகும். சமாளித்து ஓட்டிக் காட்டினால், இருக்கிற பணமே போதும் என்று அடுத்த வருஷமும் நினைப்பார்கள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் சீல் அலமாரியைத் திற. ஜன்னல் வெயிலும் மோட்டாரின் ஓசோனும் ரப்பருக்கு ஆகாது, அலமாரி எங்கே இருக்கிறது என்றும் கவனி. காலாவதியான பைகளைத் தனியே எடுத்து எண்ணு. எத்தனை என்று எனக்கு எழுத வேண்டாம், வெளியே சொல்கிற விஷயம் இல்லை அது. உன் நோட்டில் எழுதி, மேலதிகாரியின் மேஜையில் வை.

அன்புடன்,
அப்பா