செயலாளர் ஆண்டறிக்கை: பழைய பெடல்களும் அவற்றை மிதித்தவர்களும்

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, சங்க அங்கத்தவர்களே, வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்தில் ஒரு விடயம் முடிவாகாமல் நின்றது. சங்கச் சேமிப்பிலிருந்து 1960களின் அசல் ஃபஸ் ஃபேஸ் பெடல் ஒன்றை, அதாவது கிற்றாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் கால்மிதிப் பெட்டி ஒன்றை, வாங்குவதா இல்லையா என்பதுதான் அது. வாங்க வேண்டும் என்று வாதாடியவர்களின் ஆசை எனக்கும் உண்டு. ஆனாலும் நிர்வாக சபை கூடிக் கதைத்து, வாங்குவதில்லை என்று முடிவெடுத்தது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதிக்கு உதிரிப்பாகங்களையும் சோல்டரிங் சாமான்களையும் வாங்கி, அங்கத்தவர்களே பெடல் செய்து பார்க்கட்டும் என்று தீர்மானித்தோம். அது சரியான முடிவு என்றே நான் நம்புகிறேன்.

ஃபஸ் ஃபேஸ் நாங்கள் வாழும் இந்த லண்டனிலேயே பிறந்த சாமான். ஐவர் ஆர்பிட்டரின் கொம்பனி அதை 1966 இல் வெளியிட்டது. அதன் வட்ட வடிவம் மைக் ஸ்ராண்டின் அடித்தட்டைப் பார்த்து வந்தது. அதே ஆண்டு செப்ரெம்பரில் கிற்றார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்காவிலிருந்து இங்கே வந்திறங்கினார். அவருடைய காலடியில் கிடந்தபடியால்தான் அந்த உலோகத் தட்டுக்கு இன்று இந்த விலை. மூடியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு ரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கப்பாசிற்றர், இரண்டு குமிழ். அவ்வளவுதான். முதல் நாள் பட்டறையில் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்தபோது, "இதுக்கா இவ்வளவு காசு, அண்ணா?" என்று ஒரு தம்பி கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியே எங்கள் பாதி ஆண்டு போனது.

பதிலில் பெரும் பங்கு அந்த இரண்டு ரான்சிஸ்டர்களுக்கு உரியது. ஆரம்பகாலப் பெடல்களில் ஜெர்மேனியம் ரான்சிஸ்டர் இருந்தது. பின்னாளில் சிலிக்கன் வந்தது. ஜெர்மேனியத்துக்கு வெப்பம் ஆகாது. சூடு ஏற ஏற உள்ளே மின்கசிவு கூடும், வேலை செய்யும் புள்ளி நகர்ந்துவிடும். இதை நாங்கள் காதால் கேட்டோம். ஜனவரியில், மண்டபத்து ஹீற்றர் இன்னும் பிடிக்காத நேரத்தில், பட்டறையில் செய்த பெடல் ஒன்று கனமாக, இழுத்துப் பாடியது. யூலை வெக்கையில் அதே பெடல், அதே கிற்றார், அதே அம்ப். சுரம் நடுவிலேயே இருமி அறுந்தது. பிறகு இரண்டாவது ரான்சிஸ்டரின் கலெக்டர் என்ற காலில் மீற்றரை வைத்துப் பார்த்து, ரெசிஸ்டர் ஒன்றுக்குப் பதிலாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு சிறு திருகியைப் போட்டு, அங்கே மின்னழுத்தத்தை 4.5 வோல்ற்றுக்குக் கொண்டுவந்தோம். பெடல் திரும்பப் பாடியது. விலை கொடுத்து வாங்கிக் கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்தால் இது எங்களில் எவருக்கும் தெரிந்திருக்காது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் பதிவாக வேண்டும். அசல் பெடல்களில் இருந்த என்.கே.ரி. 275 என்ற ரான்சிஸ்டருக்கு இன்று பெரும் கிராக்கி. வேறு எதையோ எடுத்து, இலக்கத்தை அழித்து, புதிதாக இந்த இலக்கத்தை அச்சடித்து விற்கிறார்கள். எங்கள் அங்கத்தவர் ஒருவர் அப்படி வாங்கி ஏமாந்தார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதீர்கள்; கசிவையும் பெருக்கத்தையும் அளந்து பாருங்கள். அளக்கத் தெரியாதவர்கள் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், நாங்கள் அளந்து தருகிறோம்.

இளம் அங்கத்தவர்கள் பலர் சொன்ன முறைப்பாடு ஒன்று: "நான் செய்த ஃபஸ் தேனீக்கூடு மாதிரி இரையுது, ஹென்ட்ரிக்ஸ் மாதிரி வரேல்லை." பெடல் பலகையைப் பார்த்தால், சுருதி பார்க்கும் பெடல் ஃபஸ்ஸுக்கு முன்னால் இருந்தது. அதற்குள் இருக்கும் பஃபர் என்ற இடைச்சுற்று கிற்றாருக்கும் ஃபஸ்ஸுக்கும் குறுக்கே நின்றுவிடும். இந்த வகை ஃபஸ், தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்அப் சுருளோடு நேரடியாக இணைந்து வேலை செய்வது. வரிசையில் முதலாவதாக வைத்தால், கிற்றாரின் வொலியூம் குமிழைச் சற்றே குறைத்தவுடன் இரைச்சல் வடிந்து, கண்ணாடி போன்ற சுத்தமான ஒலி வரும். ஹென்ட்ரிக்ஸின் வலிமையில் பாதி அந்தக் குமிழில் இருந்த சுண்டுவிரல் என்பது என் கருத்து. பெடலை மட்டும் வாங்கி அந்த விரலை மறந்தால் பயனில்லை.

ஹென்ட்ரிக்ஸ் வாழ்ந்த வீட்டைப் பார்க்க லண்டன் புரூக் வீதிக்குப் போன பயணத்துக்கு எதிர்பார்த்ததை விடக் கூட்டம். 23 ஆம் இலக்க வீட்டு மேல்மாடியில் ஹென்ட்ரிக்ஸ் 1968, 69 காலத்தில் வாழ்ந்தார். அடுத்த வீடான 25 இல் 1723 முதல் சாகும் வரை இருந்தவர் இசையமைப்பாளர் ஹண்டேல். இது தெரிந்ததும் ஹென்ட்ரிக்ஸ் ஹண்டேலின் இசைத்தட்டுகளை வாங்கிக் கேட்டாராம். 2016 இல் அந்த மாடி மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. திரைச்சீலைகளை ஜோன் லூயிஸ் கடையில் வாங்கினார் என்று அறிந்தபோது எங்கள் அம்மாமார் அடைந்த மகிழ்ச்சியைக் குறிப்பிடாமல் விட முடியாது.

கிற்றார் கலைஞர் ஜெஃப் பெக் பற்றிய மாலையும் நன்றாக அமைந்தது. 1965 இல் அவர் இருந்த யார்ட்பேர்ட்ஸ் குழு ‘ஹார்ட் ஃபுல் ஒஃப் சோல்’ பாட்டை ஒலிப்பதிவு செய்தபோது, முதலில் சித்தார் கலைஞர் ஒருவரை அழைத்து வாசிக்க வைத்தார்கள். அது எடுபடவில்லை. அந்த வரியை பெக் ஃபஸ் போட்டுக் கிற்றாரில் வாசித்தார். அதுவே இசைத்தட்டில் வந்தது. நாங்கள் அந்த வரியை முதலில் பெடல் இல்லாமலும் பிறகு பெடலோடும் வாசித்துக் காட்டினோம். பெடல் சேர்ந்ததும் சுரங்கள் நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, சித்தார்த் தந்தியின் ‘ஜீவாரி’ என்ற ரீங்காரம் போன்ற ஓர் இரைச்சல் எழுகிறது. வீணை படிக்கும் ஒரு பிள்ளைதான் அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னாள்.

அதைத் தொடர்ந்து, இந்திய இசையோடு கிற்றாரை இணைத்த ஜோன் மக்லோக்லின் பக்கம் போனோம். பெடலே இல்லாத பேச்சு என்று சிலர் முணுமுணுத்தார்கள். சக்தி என்ற குழுவுக்காக அவர் வாசித்த கிற்றாரில், விரல்பலகையின் கட்டைகளுக்கிடையே மரம் குழிவாகக் குடையப்பட்டிருந்தது; தந்தியை அழுத்திக் கமகம் எடுக்க அதுதான் வழி. குறுக்கே சுருதித் தந்திகளும் இருந்தன. அந்தக் குழுவில் வயலின் வாசித்த எல். சங்கர் சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தவர் என்று நான் சொன்னபோது மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. இதற்கென்றே அடுத்த ஆண்டு ஒரு முழு மாலை ஒதுக்க வேண்டும்.

எமது மூத்த அங்கத்தவர் ஒருவர் தன் பழைய கொப்பிகற் எக்கோப் பெட்டியைக் கொண்டுவந்தார். தென் லண்டன்காரரான சார்லி வொற்கின்ஸ் 1958 இல் உருவாக்கிய கருவி அது. சிறு ரேப் வளையம் சுற்றிச் சுற்றி ஓட, வாசித்தது திரும்பத் திரும்ப வரும். கொழும்பில் படித்த நாட்களில் வானொலியில் ஷடோஸ் குழுவின் ஹங்க் மார்வினைக் கேட்டுத்தான் ஐயா கிற்றார் பிடித்தாராம். ரேப்பை மாற்றி, ரேப்பைப் படிக்கும் தலைகளைத் துடைத்து, அவர் வாசித்த மெட்டுக்கு எழுந்த கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை.

இன்னொரு நாள், ஒலியை அலைய வைக்கும் யூனிவைப் என்ற பெடலின் நகல் ஒன்றைத் திறந்தோம். அசல், ஃபுமியோ மியெடா வடிவமைத்து ஜப்பானின் ஷின்-எய் கொம்பனி தயாரித்தது; வூட்ஸ்ரொக் இசைவிழாவில் ஹென்ட்ரிக்ஸ் வைத்திருந்தது. நடுவில் ஒரு சிறு மின்குமிழ், சுற்றி நாலு ஒளியுணரிகள். மண்டப விளக்குகளை அணைத்ததும் குமிழ் மங்குவதும் ஒளிர்வதும் தெரிந்தது. வேகத்தைக் கூட்டினால் ஒலி அலைவதும் அதே தாளத்தில் கூடியது. பிள்ளைகள் மேசையை விட்டு நகர மறுத்தார்கள்.

மற்றவை சுருக்கமாக. கணக்கறிக்கையைப் பொருளாளர் வைப்பார். அயலவர் முறைப்பாட்டுக்குப் பின் பெரிய அம்ப்கள் மண்டபத்துக்கு வருவதில்லை. சிறு வால்வ் அம்ப் போதும், ஒலியும் திறம். மெயின்ஸ் மின்சாரத்தில் ஓடும் பழைய கருவிகளை எமது மின்னியலாளர் இல்லாமல் எவரும் திறக்கக் கூடாது. வயரைக் கழற்றிய பின்பும் கப்பாசிற்றரில் நூற்றுக்கணக்கான வோல்ற் நிற்கும். இதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

சபையின் முன் ஒரு பிரேரணை. பட்டறையில் செய்த பெடல்களை, நூலகத்துப் புத்தகம் போல, ஒரு மாதத்துக்கு இரவல் கொடுக்க விரும்புகிறோம். கட்டணம் இல்லை, பற்றரி உங்கள் செலவு, சாதாரண காபன் பற்றரியாகப் பாருங்கள். திருப்பித் தரும்போது எந்தக் கிற்றார், எந்த அம்ப், என்ன வாசித்தீர்கள், எப்படி ஒலித்தது என்று பதிவேட்டில் சில வரிகள் எழுத வேண்டும். பதிவேடு பின் மேசையில் இருக்கிறது. முதல் பெடலுக்கு இப்போதே இருவர் போட்டி என்று கேள்வி, ஆகவே கூட்டம் முடிந்ததும் சீட்டுக் குலுக்குவோம்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்