வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் வந்திருக்கும் பதினொரு அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் ஒரு பிரதி போகும்; பாதி அறிக்கை அவர்களைப் பற்றியதுதான்.

பொங்கல் விழா நடந்தது. நூலகத்துக்குப் புத்தகம் கொடுத்தோம். மாதக் கூட்டம் எட்டு நடந்தது.

இனி நாவல் விசயம். ஆளுக்கு ஓர் அத்தியாயமாகத் திகில் நாவல் ஒன்று எழுதுவதென்று சென்ற பொதுச்சபையில் ஏகமனதாகத் தீர்மானித்தோம். யோசனை என்னுடையது, கை தூக்கியது நீங்கள். மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில், மீன் பாடுவதாக ஊர் சொல்லும் பாடுமீன் சத்தத்தைப் பதிவு செய்யும் ஆய்வாளர் ஒருவர், அது எதிலிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்கிறார். அவர் சரிபார்த்து முடிக்க முன்னமே, தேர்தலில் நிற்கும் அமைச்சர் மேடையில் அறிவித்துவிடுகிறார். மறுநாள் பென்ட்ரைவைக் காணவில்லை. ஆய்வாளரையும்.

“இப்படியெல்லாம் நடக்குமா?” என்று ஒருவர் கேட்டார். 1984இல் அந்தாட்டிக்காவின் அலன் குன்றுகளில் எடுத்த செவ்வாய்க் கல்லில் உயிரின் தடயம் இருக்கலாமென்று நாசா 1996 ஆகஸ்டில் சொன்ன அன்றே ஜனாதிபதி கிளின்டனும் அதைப் பற்றிப் பேசினார். அதுவும் தேர்தல் ஆண்டு. பெரும்பாலான விஞ்ஞானிகள் அதை இன்னும் ஏற்கவில்லை. கிளின்டன் ‘உறுதியானால்’ என்று ஒரு சொல் போட்டுத்தான் பேசினார். நமது அமைச்சர் அந்தச் சொல்லை விழுங்கிவிடுகிறார், அவ்வளவுதான்.

வாவிச் சத்தமும் கற்பனையல்ல. 1848இல் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஆங்கில அதிகாரி எமர்சன் டெனன்ட் இங்கே வந்து கேட்டு எழுதியிருக்கிறார். சத்தம் போடுவது மீனல்ல, ஊரி என்ற சிப்பி வகை என்றுதான் மீனவர்கள் அவருக்குச் சொன்னார்கள். நான்காம் அத்தியாயம் அதில்தான் நிற்கிறது. அதற்காக ஒரு பூரணை இரவு ஐந்து பேர் தோணியில் போனோம். துடுப்பின் ஒரு நுனியை நீரில் விட்டு மறுநுனியில் காதை வைத்தேன். கொதிக்க முன் கேத்தில் முனகுமே, அப்படி. தோணிக்கூலி என் கைக்காசு.

பன்னிரண்டு அத்தியாயத்தில் கைக்கு வந்தது ஏழு. அதில் மூன்று நான் எழுதியவை. பென்ட்ரைவை எடுத்தது யாரென்று தெரியவேண்டிய எட்டாம் அத்தியாயம் ஒருவரிடம் ஆறு மாதமாகக் கிடக்கிறது. போன் எடுத்தால் “இந்தக் கிழமைக்குள்ள தாறன்” என்கிறார். கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் அடுத்த பந்திக்குப் போய்விடுகிறார். ஒன்பதாம் அத்தியாயத்துக்காரர் அவரைப் பார்த்திருந்து பார்த்திருந்து கட்டாருக்கே போய்விட்டார்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வந்தது செலவாயிற்று, கொஞ்சம் மிச்சம், போட்டோக்கொப்பிக் கடையில் கொஞ்சம் கடன். சந்தா பாதிப்பேர் தரவில்லை. யாரென்று அவரவருக்குத் தெரியும்.

மண்டபம் தந்தவர்களுக்கும், தேத்தண்ணி தந்த வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளராக யாரும் முன்வந்தால் சந்தோசமாகக் கொப்பிகளை ஒப்படைப்பேன். வராவிட்டால், சரி, நானே இருக்கிறேன். ஆனால் பங்குனிக்குள் எட்டாம் அத்தியாயம் கைக்கு வரவேண்டும். வராவிட்டால் பென்ட்ரைவைத் திருடியவனை நானே எழுதுவேன். அவன் யாருடைய சாயலில் இருப்பான் என்பதை இப்போது சொல்ல மாட்டேன்.