பெட்டியைத் திறப்பதற்கு முன்னால்

மக்களே,

உன் கிட்டார் சத்தத்தை மாற்றுகிற பெடல் பெட்டியை இன்று காலை கூரியரில் போட்டாச்சு. உன் அம்மா அதே அட்டைப் பெட்டிக்குள் முந்திரிக்கொத்தையும் திணித்து வைத்திருக்கிறாள், எண்ணெய் பட்டால் சுவிட்ச் கெட்டுப்போகும் என்று சொல்லியும் கேட்கவில்லை. வந்ததும் முதல் வேலையாக அதை எடுத்து வெளியே வை.

நீ கேட்டபடி சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஃபஸ், ஓவர்டிரைவ், எதிரொலி கொடுக்கும் டிலே மூன்றும் ஒரே பெட்டியில். கோட்டாறில் 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வாங்கி, பட்டறையில் கொடுத்து வளைத்தேன். சுவிட்சுக்கு 12 மில்லிமீட்டர் ஓட்டை. மூன்றாவது கொஞ்சம் கோணலாகிவிட்டது, வாஷர் போட்டு மறைத்திருக்கிறேன். குளச்சல் உப்புக்காற்றில் வயர் சொருகும் ஜாக் எல்லாம் பச்சை பிடிக்கும் என்பது உனக்கே தெரியும், அதனால் கடையில் கிடந்த பழசு எதையும் போடவில்லை, ஜாக் எல்லாம் புதுசு.

பழசு என்றால் ஃபஸ்ஸில் இருக்கிற இரண்டு ஏசி128 ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்தான். ரேடியோ ரிப்பேர் பார்த்த காலத்தில் கழற்றி வைத்தது. அது பிஎன்பி ரகம், நான் போட்ட சர்க்யூட்டில் பிளஸ்தான் பொது வயரான கிரவுண்டுக்குப் போகும், மற்ற இரண்டிலும் மைனஸ் கிரவுண்ட். மூன்றையும் ஒரே அடாப்டரில் கோத்தால் நேரே ஷார்ட். அதனால் ஃபஸ்ஸுக்கு மட்டும் தனியாக 9 வோல்ட் பேட்டரி வைத்திருக்கிறேன். இன்புட்டில் கிட்டார் வயர், அதான் கார்டு, சொருகியிருக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும், ராத்திரி கார்டைப் பிடுங்கிவிடு. வெயிலிலும் வைக்காதே, சூடானால் ஜெர்மேனியம் குணம் மாறும், சத்தமும் மாறும்.

இனி என் தூக்கத்தைக் கெடுத்த கதை. எல்லாவற்றையும் பூட்டி முதல்முறை ஆன் பண்ணினேன். தனித்தனியாக மூன்றும் நன்றாக இருந்தது. ஃபஸ்ஸையும் ஓவர்டிரைவையும் சேர்த்து மிதித்தேன் பாரு, கிட்டாரைத் தொடாமலே கீச்சென்று ஒரு ஊளை, தெருநாய் எல்லாம் பதிலுக்கு ஊளையிட்டது. சத்தத்தைப் பெருக்கும் கெயினைக் குறைத்தால் நிற்கும், கூட்டினால் மறுபடியும். ஓவர்டிரைவில் இருக்கிற 4558 ஐசியைச் சந்தேகப்பட்டு அதை இரண்டு தடவை மாற்றினேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. மூன்றாம் நாள் வாரியலில் இருந்து ஒரு ஈர்க்கில் உருவி, ஆன் பண்ணிய நிலையிலேயே உள்ளே வயர்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். அவுட்புட்டுக்குப் போகும் நீல வயரைத் தள்ளியதும் ஊளை டக்கென்று நின்றது. அழகாக இருக்கட்டும் என்று அதை இன்புட் வயரோடு சேர்த்து முறுக்கிக் கட்டியிருந்தேன், பெரிதாகி வெளியே போகிற சத்தத்தில் கொஞ்சம் மறுபடி வாசலுக்கே வந்துகொண்டிருந்தது. இப்போது இன்புட்டுக்கு ஷீல்டு வயர், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்திருக்கிறேன். ஓவர்டிரைவ் ஆஃபில் இருக்கும்போது அந்த போர்டின் இன்புட் கிரவுண்டுக்குப் போகிற மாதிரி சுவிட்சையும் மாற்றிவிட்டேன்.

டிலேயில் பிடி2399, கரோக்கே மைக்குக்கு எதிரொலி கொடுக்கிற அதே சிப். அதற்குள் ஓடும் கிளாக் துடிப்பின் சத்தம் சப்ளை வழியாக ஓவர்டிரைவுக்குள் ஏறாமல் இருக்க ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், ஒரு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டிருக்கிறேன். உனக்கு லேசாக இரைச்சல் கேட்டால் முதலில் அந்தக் கெப்பாசிட்டரைப் பார்.

அடாப்டர் 9 வோல்ட், நடுவில் மைனஸ். போன வருஷம் மோடம் அடாப்டரைச் சொருகி ஒரு பெடலைப் புகைய வைத்தாயே, இதில் டயோடு இருப்பதால் திருப்பிக் கொடுத்தால் வேலை செய்யாது, அவ்வளவுதான், புகையாது. ஆனால் 12 வோல்ட் கொடுத்துப் பரிசோதிக்காதே.

ஒவ்வொரு போர்டுக்கும் தனி கனெக்டர் வைத்திருக்கிறேன். ஒன்று கெட்டால் அதை மட்டும் உருவி அனுப்பு, மற்ற இரண்டையும் வைத்து நீ வாசி. அப்புறம், அடிமூடியில் நாலு ஸ்க்ரூ, பேட்டரிப் பக்கம் இருப்பது மட்டும் குட்டை. மாற்றிப் போட்டால் நீளமானது பேட்டரியைக் குத்தும், அதனால் குட்டை ஸ்க்ரூ தலையில் அம்மாவின் நெயில் பாலிஷ் வைத்திருக்கிறேன்.

அப்பா