“மூணாவது, அரும்பு”

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போனேன். பக்கத்தில் ஒரு சிறுமி, அவளுடைய அம்மாயியோடு. எந்த வகுப்பு கண்ணு என்று கேட்டேன். “மூணாவது, அரும்பு” என்றாள். ஏ பிரிவு, பி பிரிவு என்று சொல்வது போல அவ்வளவு இயல்பாக. எனக்குத்தான் சுருக்கென்று இருந்தது.

விவரம் தெரியாதவர்களுக்காக: நம் அரசுப் பள்ளிகளில் 2022இல் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது, அடுத்த ஆண்டு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் வந்தது. பிள்ளைகள் இப்போது எந்த இடத்தில் நிற்கிறார்களோ அங்கிருந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலை வைத்தார்கள், அரும்புதான் தொடக்க நிலை. நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாம் வகுப்பு என்றால் எல்லோருக்கும் ஒரே பக்கம், ஒரே கணக்கு என்று நடத்தி, பாதிப் பிள்ளைகளைப் பின்னால் விட்டுவிட்டுப் போன காலத்தை நான் பார்த்தவள்.

சரி, பேருந்துக்கு வருகிறேன். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் பலகை இருக்கும். 13ஆவது வளைவு திரும்பும்போது அம்மாயி கண்ணை இறுக மூடிக்கொண்டு “இன்னும் எத்தனை கண்ணு” என்று முனகினார். “ஏழுதான் அம்மாயி” என்றாள் அவள், யோசிக்கவே இல்லை. நான் ஒரு துண்டுத் தாளில் 20, அதற்குக் கீழே 13, பக்கத்தில் கழித்தல் குறி போட்டுக் கொடுத்தேன். விரலை மடக்கினாள், உதட்டை அசைத்தாள், 13 என்று விடை எழுதினாள். ஒன்றாம் இடத்தில் மேலே 0, கீழே 3. சின்னதைப் பெரியதிலிருந்து எடுத்து 3 போட்டுவிட்டாள், பத்தாம் இடத்தில் 1. பாடநூல் இனமாற்றம் என்றும் வீட்டில் நாம் கடன் வாங்குவது என்றும் சொல்கிறோமே, அந்த ஒரு இடத்தில்தான் அவளுக்கு இடறுகிறது. கழித்தல் அவள் தலைக்குள் நன்றாகவே இருக்கிறது. அப்படியிருக்க, அவள் எதில் அரும்பு? யார் அவளிடம் அதைச் சொன்னது?

நான் ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை. சேர்வராயன் மலையில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் 11 வருடம் இருந்தேன், ஐந்து வகுப்பு, இரண்டு பேர். அங்கே காபிப் பழம் பறிக்கப் போகும் வீட்டுப் பையன் ஒருவன். கிலோவுக்கு 4 ரூபாய், அம்மா 23 கிலோ பறித்தால் எவ்வளவு என்று கேட்டால், “இருபதுக்கு 80, மூணுக்கு 12, 92 டீச்சர்” என்பான். அதே 23ஐ 4ஆல் பெருக்கு என்று சிலேட்டில் போட்டால் 812 என்று எழுதுவான். நாலு மூணு 12, நாலு ரெண்டு 8, பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவான். மேஸ்திரி 812 ரூபாய் தருவாராடா என்று கேட்டேன். சிலேட்டையே பார்த்துக்கொண்டு நின்றான், அப்புறம் அவனே அழித்துவிட்டு 80, 12 என்று தனித்தனியாக எழுதிக் கூட்டினான். நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றுமில்லை.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். நூற்று ஐந்து எழுது என்றால் 1005 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. காதில் முதலில் நூறு விழுகிறது, பிறகு ஐந்து விழுகிறது, விழுந்தபடி எழுதுகிறார்கள். அதைத் தப்பு என்று சிவப்பு மையில் சுழித்துப் பயனில்லை. 100 என்று ஓர் அட்டை, 5 என்று சின்ன அட்டை. சின்னதைக் கடைசி சைபரின் மேல் வைத்துக் காட்ட வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு தரம் போதும், இன்னொரு பிள்ளைக்கு ஒரு மாதம் ஆகும். இருபது என்றால் இரு பத்து, முப்பது என்றால் மூன்று பத்து என்று நம் எண்ணுப்பெயரே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடுகிறது, அதையும் வாய்விட்டுப் பிரித்துச் சொல்ல வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்று மட்டும் ஒப்பிக்கும் பிள்ளைக்கு உள்ளே இருக்கும் பத்து கண்ணில் படுவதில்லை. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கும் இதைத் தமிழில் ஒரு தரம் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

என் வகுப்பில் கணக்குப் பாடம் 40 நிமிடம். முதல் பத்து நிமிடம் எல்லோரும் ஒன்றாக வட்டமாக உட்காருவோம், நடுவில் ஒரு குவியல் புளியங்கொட்டை. எத்தனை இருக்கும், எப்படி எண்ணலாம் என்பது மட்டும்தான் கேள்வி. ஒருத்தி ஒன்றொன்றாக எண்ணுவாள், ஒருவன் இரண்டிரண்டாக, இன்னொருத்தி பத்துப் பத்தாகக் குவிப்பாள், ஒன்றொன்றாக எண்ணுகிறவளும் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அடுத்த 20 நிமிடம் பிரிவோம். சிலருக்குக் கொட்டையும் குச்சிக்கட்டும், சிலருக்குப் படம் வரைந்து கழிப்பது, சிலருக்கு நேராக எண்கள். கடைசிப் பத்து நிமிடம் மறுபடி ஒன்றாக. அப்போது குச்சி வைத்துச் செய்த பிள்ளைதான் முதலில் எழுந்து சொல்ல வேண்டும் என்பது என் வழக்கம். அவள் சொல்லும்போது, எண்ணாகவே எழுதி முடித்தவன் ‘கடன் ஏன் வாங்கினோம்’ என்பதை அப்போதுதான் புரிந்துகொள்வான். இதை நான் பல தரம் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் செயல்வழிக் கற்றல் காலம், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டை அட்டையாகப் படித்துப் போகும் முறை. எதற்குப் பின் எந்த அட்டை என்று காட்டும் ஏணிப் படம், அட்டை, பாய், சுவரைச் சுற்றித் தாழ்வாகக் கரும்பலகை. காபி பறிக்கும் பருவத்தில் பெற்றோரோடு போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வரும் பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே தொடங்கலாம், அது பெரிய வசதி. ஆனால் ஆளுக்கு ஓர் அட்டையோடு உட்கார்ந்ததில், எல்லோரும் சேர்ந்து ஒரு கணக்கைப் பேசுவது எங்கள் வகுப்பில் குறைந்து போனது. என் மனதில் பட்டது இது.

ஓய்வுக்குப் பிறகு ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன், ஊர் பெயர் வேண்டாம். ஜூனில் பிரித்த மூன்று வரிசை டிசம்பரிலும் அப்படியே இருந்தது. தமிழுக்கும் அதே வரிசை, கணக்குக்கும் அதே வரிசை, மதிய உணவுக்குக்கூட அப்படியே எழுந்து போனார்கள். அங்கிருந்த ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன், தேர்வு வைப்பதும் செயலியில் பதிவதுமாகவே அவருக்கு நாள் போகிறது. ஆனால் கழித்தலில் தடுமாறும் பிள்ளை அளவையில் முன்னால் நிற்கும், வடிவங்களில் கைதேர்ந்திருக்கும். பாடம் மாறும்போது குழுவும் மாற வேண்டும்.

கல்வித் துறையிடம் நான் கேட்பது இரண்டு. பள்ளிக்குப் பார்வையிட வரும் அதிகாரிகள் பதிவேட்டைப் பார்ப்பதோடு, போன மாதம் யார் எந்தக் குழுவில் இருந்தார்கள், இந்த மாதம் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அடுத்த ஆசிரியர் பயிற்சியில், எல்லோரும் ஒன்றாக உட்காரும் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைக் கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள், வேறு எதைக் குறைத்தாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.