38 வயதில் வாத்து நடை

ஒட்டாவா,
பிப்ரவரி 16

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டார்களா? உடனே பதில் போடாததற்கு சோம்பல் காரணமில்லை. வலது மணிக்கட்டு வீங்கிப்போய்ப் பேனா பிடிக்க முடியவில்லை. சிரிக்காதேடி, நான் ஐஸ் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்கிறேன்.

எல்லாம் நிலாவால் வந்தது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் போகிறார்கள் என்று நவம்பரிலிருந்தே நச்சரிப்பு. ஐந்து வயதுப் பிள்ளையைத் தனியாக விட முடியுமா? சரி என்று எனக்கும் ஒரு ஜோடி ஸ்கேட் வாங்கினேன், அதாவது அடியில் இரும்பு பிளேடு வைத்த ஷூ. முதல் தப்பே அங்கேதான். குளிருக்குப் பயந்து இரண்டு கம்பளி சாக்ஸ் போட்டு, அதற்கேற்ற மாதிரி பெரிய சைஸாக எடுத்துவிட்டேன். உண்மையில் மெல்லிய சாக்ஸ் ஒன்று போதும். ஸ்கேட் நம் ஷூவைவிட ஒரு சைஸ் சின்னதாகக் காலைக் கவ்விப் பிடிக்க வேண்டும். என்னுடையது லொடலொடவென்று ஆடியதில் கணுக்கால் இரண்டும் உள்பக்கம் சாய்ந்துகொண்டன. போதாக்குறைக்கு, புது பிளேடுக்கும் சாணை பிடிக்க வேண்டுமாம். யாருக்குத் தெரியும்?

முதல் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் தெரியுமா? விழுவதற்கு! முட்டியை மடித்து, பக்கவாட்டில், இடுப்புச் சதை தரையில் படுகிற மாதிரி விழ வேண்டும். கையை ஊன்றக் கூடாது. எழும்போது மண்டியிட்டு, ஒரு காலை முன்னால் வைத்து, அந்தத் தொடையில் இரண்டு கையையும் அழுத்தி எழ வேண்டும். நிலாவுக்கு இதுவே பெரிய விளையாட்டாகிவிட்டது, விழுவதற்காகவே எழுந்தாள். அவள் தலைக்கும் தரைக்கும் மூன்றரை அடிதானே. நான் விழுந்தபோது கையைத்தான் ஊன்றினேன்.

அப்புறம் நடை. பாதங்களை வெளியே விரித்து வாத்து மாதிரி நாலு எட்டு வைத்து, இரண்டு காலையும் சேர்த்தால் தானாக வழுக்கிக்கொண்டு போகும். என் ஸ்கேட்டில் பிளேடின் முன்நுனியில் ரம்பம் போல் பல் உண்டு. ஊஞ்சலை உந்துகிற மாதிரி விரல்நுனியால் உந்தினால் அது பனியைக் கடித்துக்கொள்ளும். அடுத்த நொடி குப்புற. பக்கவாட்டில்தான் தள்ள வேண்டும். இது புரியவே எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

போன சனிக்கிழமை ரிடோ கால்வாய்க்குப் போனோம். ஊருக்கு நடுவில் 7.8 கிலோமீட்டர் உறைந்துபோய்க் கிடக்கிறது. பனி 30 சென்டிமீட்டராவது தடித்தால்தான் ஆட்களை விடுவார்கள். 1970-களின் தொடக்கத்திலிருந்து வருஷம் தவறாமல் திறந்தது, 2023-இல் குளிர் போதாமல் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. அதனால் திறந்திருக்கும்போதே போய்விட வேண்டும் என்று இங்கே எல்லோருக்கும் ஒரு பரபரப்பு. நாங்கள் போனது அரை கிலோமீட்டர் இருந்தால் அதிகம்.

மகாமகக் குளத்தைச் சுற்றி வாடகை சைக்கிளில் எனக்குக் கற்றுக்கொடுத்தாயே, நினைவிருக்கிறதா? கேரியரை விட்டுவிட்டு "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று கத்திக்கொண்டே ஓடிவருவாய். நிலாவுக்கு நானும் அப்படி இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். இங்கே பிடிக்கிறவளுக்கே பிடி தேவைப்படுகிறது. மூன்றாவது முறை சேர்ந்து விழுந்ததும் அவளே சொல்லிவிட்டாள்: "அம்மா, கையை விடு. நீ விழுந்தா என்னையும் இழுத்துடற."

விட்டேன். தத்தித் தத்திப் போனவள் முப்பதடி தள்ளி நின்று, குட்டிக் குட்டி எட்டாக வைத்துத் திரும்பி, எனக்காகக் காத்திருந்தாள். "முட்டியை மடி! கீழே பாக்காதே!" என்று அவள் தமிழில் போட்ட சத்தம் பாலம் வரை கேட்டிருக்கும். நல்லவேளை, சுற்றி இருந்தவர்களுக்குப் புரியவில்லை.

கலா சித்திக்கு என்று அவள் வரைந்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். சிவப்புத் தொப்பி போட்டு நிற்பது அவள். பக்கத்தில் படுத்திருப்பது யார் என்று பதில் கடிதத்தில் கேட்காதே.

அன்புடன்,
வசந்தி