கேட்காமல் கழற்றிய லீட்பைப்பை (ட்ரம்பெட்டில் ஊதும் முனையை அடுத்து வரும் குழாயை) திருப்பித் தரக் கோரி

பெறுநர்:
மேலாளர்,
பித்தளை இசைக்கருவிச் சீரமைப்புப் பிரிவு

பொருள்: ட்ரம்பெட் சீரமைப்பில் ஒப்பந்தத்தை மீறிச் செய்த வேலைகள் குறித்து

ஐயா,

வணக்கம். சீரமைப்புக்கு உங்களிடம் கொடுத்த என் வின்சென்ட் பாக் ஸ்ட்ராடிவேரியஸ் ட்ரம்பெட் கைக்கு வந்து சேர்ந்தது. கடையில் புதிதாக வாங்கியது போலப் பளபளக்கிறது. எனக்கு ஆற்றாமையே அதில்தான்.

இது நியூயார்க் மாநிலத்து மவுண்ட் வெர்னன் பட்டறையில் உருவான கருவி. பாக் நிறுவனம் அங்கே இயங்கியது 1953 முதல் 1965 வரைதான். பிறகு தயாரிப்பு இண்டியானாவின் எல்க்ஹார்ட்டுக்குப் போய்விட்டது. அந்தக் காலத்து ட்ரம்பெட், பாகம் எதுவும் மாறாமல் கிடைப்பது அரிது. என்னுடையது அப்படித்தான் இருந்தது, உங்களிடம் வரும்வரை.

நான் கேட்டது பெல்லின் (ஒலி வெளிவரும் அகன்ற வாய்ப்பகுதியின்) வளைவில் இருந்த ஒடுக்கை எடுக்கவும், ஒட்டிக்கொண்ட இரண்டாம் வால்வைச் சரிசெய்யவும்தான். மேலே பூசிய பாதுகாப்புப் பூச்சான லாக்கரைத் தொடக்கூடாது, சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றும் பஃபிங் கூடாது, எந்தப் பாகத்தை மாற்றுவதானாலும் முதலில் என்னிடம் கேட்க வேண்டும் என்று வேலைப் படிவத்திலேயே எழுதியிருக்கிறது. கீழே உங்கள் ஊழியரின் கையெழுத்தும் உண்டு.

வால்வு வேலையில் குறை சொல்ல மாட்டேன். மூன்று பிஸ்டன்களும் தடையில்லாமல் ஏறி இறங்குகின்றன. அதைச் செய்தவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

பெல்லைப் பார்த்தபோதுதான் மனம் விட்டுப்போனது. 'மவுண்ட் வெர்னன்' என்று பொறித்த எழுத்துகளின் மேல் நகத்தை ஓட்டினால் முன்பு ஒவ்வொரு விளிம்பிலும் தட்டும். இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் சில எழுத்துகளே தெரிகின்றன. பஃபிங் சக்கரம் அழுக்கோடு பித்தளையையும் சேர்த்துத்தான் எடுக்கிறது. தேய்ந்த தகட்டை யாராலும் திரும்ப வளர்க்க முடியாது. போதாக்குறைக்கு, குழாய்களை இணைத்துத் தாங்கும் பிரேஸின் மூலையில் வழிந்த ஈயப்பற்றைக்கூடத் துடைக்காமல் அதன்மேலேயே புது லாக்கர் அடித்திருக்கிறீர்கள்.

லீட்பைப் விஷயத்தை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. என்னைக் கேட்காமலே பழையதைக் கழற்றிவிட்டுப் புதுக் குழாயைப் பொருத்தியிருக்கிறீர்கள். பழைய குழாயில் சிவப்புப் புள்ளிகள் இருந்தது உண்மை. பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சும் அரிப்பு அது. உள்ளிருந்து வெளியே வரும். ஆனாலும் குழாய் ஓட்டையாகவில்லை, காற்றும் கசியவில்லை. மவுத்பீஸை அடுத்து வரும் அந்தக் குழாயின் உட்சரிவுதான் ஊதும்போது காற்று எப்படி எதிர்க்கும், சுருதி எங்கே நிற்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. புதுக் குழாயில் மேல் ஜி ஸ்வரம் சுருதியை விட ஏறிப்போகிறது. ஊதும்போதே உதட்டால் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பழைய குழாய் எங்கே என்று தொலைபேசியில் கேட்டேன். "அரிச்சுப்போனதை வெச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?" என்றார் உங்கள் ஊழியர். அது என் பொருள். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

உடனே கழிவுப் பித்தளைப் பெட்டியில் தேடச் சொல்லுங்கள். மவுத்பீஸ் சொருகும் முனைக்குச் சற்றுத் தள்ளி, அடிப்பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு சிவப்புப் புள்ளிகள் இருக்கும். கிடைத்தால் மெருகேற்றாமல், கழுவாமல், இருக்கிறபடியே அனுப்புங்கள். பஃபிங், லாக்கர், புதுக் குழாய் ஆகியவற்றுக்கு வாங்கிய தொகையைத் திருப்பித் தாருங்கள். எந்த இடத்தில் சூடு காட்டினீர்கள், எதைக் கழற்றினீர்கள், எதைச் சேர்த்தீர்கள் என்று கையொப்பமிட்ட குறிப்பும் வேண்டும். இனி இதைத் தொடப்போகும் கைவினைஞருக்கு அது தேவைப்படும். மறுபடி சரிசெய்து தருகிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள், கருவியை உங்களிடம் இனி அனுப்புவதாக இல்லை.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், வேலைப் படிவத்தோடும் முன்பு எடுத்த படங்களோடும் நுகர்வோர் நீதிமன்றத்தை நாடுவேன்.

இப்படிக்கு,
கருவியின் உரிமையாளர்

இணைப்பு: வேலைப் படிவ நகல், ஒப்படைக்கும் முன்னும் பின்னும் எடுத்த படங்கள்