திருப்பணி நிறைவு அறிக்கை: மதில் பணம் குழாயடிக்குப் போன கதை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிராகாரத்துக் கருங்கல் தளத்தையும் விமான வர்ணத்தையும் கும்பாபிஷேகத்தன்று நேரிலேயே பார்த்துவிட்டீர்கள். மதில் சுவரை உயர்த்த ஒதுக்கிய ஊர் வரிப் பணத்தைக் கீழத்தெருக் குழாயடிக்கு ஏன் திருப்பினீர்கள் என்றுதான் பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

போன மழைக்காலத்தில் கீழத்தெருப் பிள்ளைகள் அடுத்தடுத்து வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். சிலருக்குச் சீதபேதி. பல் முளைக்கிறது, அதுதான் என்று கூடச் சொன்னார்கள். மேலத்தெருவில் அப்படி இல்லை. இரண்டு தெருவுக்கும் ஒரே மேல்நிலைத் தொட்டி, ஒரே தண்ணீர்.

கிராம சுகாதாரச் செவிலியர்தான் குழாயைக் காட்டினார். தண்ணீர் ஏறாததால் குழி தோண்டி, அதற்குள் குழாயை இறக்கியிருந்தார்கள். தொட்டியிலிருந்து தண்ணீர் விடுவதை நிறுத்தியதும், குழியில் தேங்கிய சாக்கடையைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். சீதபேதி தரும் ஷிகெல்லா பாக்டீரியா 10 முதல் 100 வரை வயிற்றுக்குள் போனாலே போதுமாம்.

சரி, தண்ணீர் ஏன் ஏறவில்லை? மேலத்தெருவில் குழாயோடு மோட்டாரை மாட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தோம். குழுவில் பாதிப்பேர் அந்தத் தெருக்காரர்கள்தான்.

குழிகளை மூடிவிட்டு, தரைக்கு மேல் மேடை கட்டி 4 குழாய்கள் வைத்தோம். சிந்தும் தண்ணீருக்கு உறிஞ்சு குழி. கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும். தொட்டி ஆபரேட்டர் குளோரோஸ்கோப்பில் (தண்ணீரில் குளோரின் அளவைக் காட்டும் கருவி) பார்த்து எழுதி வைக்கிறார். மோட்டார்களைக் கழற்றச் சொன்னோம். 3 வீட்டார் இன்னும் கழற்றவில்லை.

அன்னதானக் கூடத்துக்குப் பின்னால் கழிப்பறையும் கை கழுவும் இடமும் முடிந்தன. சோப்பு காணாமல் போவதால் வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக ஒரு நாள் கூலியை விட வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிற தாய் நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போடுவது அதனால்தான். அதற்குள் பிள்ளை துவண்டுவிடக் கூடாதே என்று கோயில் அலுவலகத்தில் ஓ.ஆர்.எஸ். (உப்பு சர்க்கரைக் கரைசல்) பொட்டலங்கள் வைத்திருக்கிறோம். பெரிய பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், டம்ளர் கணக்கில் அல்ல. செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றாலும் 14 நாள் கொடுங்கள். ரத்தம் கலந்து போனால் கூலியைப் பார்க்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுங்கள்.

வரவு செலவுக் கணக்கை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். மதில் பழைய உயரத்திலேயே நிற்கிறது. ஆடு தாண்டி வரும். அடுத்த வரி வசூல் வரை விரட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு